மூன்றாவது நட்டு

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணிகளுக்கு நடுவே இருந்த உள்ளங்கை அளவுக் கறுப்புக் கருவியைத் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்து ஒரு தடித்த வயர் தொங்கியது. காரின் கம்ப்யூட்டரோடு இணைத்தால் கோளாறு என்னவென்று சொல்லும் ஸ்கேனர் என்றேன்.

"எங்க வண்டியிலயும் ஒரு மஞ்ச லைட் ஒரு வருஷமா எரியுதுங்க. ஓடுது. அதனால விட்டுட்டேன்" என்று சொல்லி, பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

நான் வந்ததும் ஒரு மஞ்சள் விளக்குக்காகத்தான். மலேசியாவில், ஈப்போவில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருக்கிறேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் என்னிடமும் பழைய கார் இருப்பதால், அளந்து பார்க்கிற பழக்கம் உண்டு. என் அக்கா வசந்தா கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவள். அவளும் அத்தான் கணேசனும் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், கீழ்த்தள வீட்டில் இருக்கிறார்கள். அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். அக்காதான் கார் ஓட்டி அழைத்துப் போகிறாள். திரும்பும்போது முன் சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுக்க வைத்துக் கொண்டு வருகிறாள்.

அந்தக் காரில் மூன்று மாதமாக என்ஜின் படம் போட்ட விளக்கு எரிகிறது. புறவழிச் சாலையில் ஒரு பெரிய பட்டறையில் காட்டியதற்கு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்றார்களாம். சைலன்சர் குழாயில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகள். நச்சுப் புகையை எரித்துச் சுத்தமாக்குவது அதன் வேலை. இந்த வண்டிக்கு அது இப்போது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வண்டியின் மதிப்பைவிட அதிகம், பேசாமல் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்து வருஷப் பதிவு முடியும் நேரமும் நெருங்குகிறது. விளக்கு எரிகிற வண்டியைப் புதுப்பிக்கக் கொண்டுபோக முடியுமா என்று அக்காவுக்குப் பயம். கோயம்புத்தூரில் இருக்கும் அவள் மகள் கவிதா இதையே காரணமாக வைத்து, வண்டியை விற்றுவிட்டு இருவரும் தன் ஃபிளாட்டுக்கே வந்துவிட வேண்டும் என்கிறாள். பாசத்தோடு சொல்வதால் மறுக்கவும் முடியவில்லை.

"லைட் அணையணும், இல்லன்னா நாங்க இந்த ஊரைக் காலி பண்ணணும். அவ்வளவுதான் விஷயம்" என்று அக்கா போனில் சொன்னாள். பள்ளி விடுமுறையில் கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முழுக்கச் சாப்பாட்டில் போனது. அக்கா எனக்கு இட்லிக்குக் கெட்டிச் சட்னியும் அத்தானுக்கு உப்பில்லாத ஏதோ ஒன்றும் செய்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, நீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். அதைக் காலையிலிருந்து மாலைவரை மிடறு மிடறாக வைத்துக் குடிக்கிறார். வெயிலில் நின்று ஒரு முழு இளநீரை மடக் மடக்கென்று குடித்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

அத்தான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கதவின் கீல், குழாயின் வாஷர், மிக்ஸியின் மூடி என்று எதையும் கடையில் வாங்க விடமாட்டார். தானே வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து மாட்டுவார். இப்போது அதற்கெல்லாம் தடை. இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு தடிப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் எதையும் தூக்கவோ அழுத்தவோ கூடாது. அது கெட்டால் சிகிச்சையே நின்றுவிடும். அக்கா அந்தக் கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறாள்.

மாலையில் அவள் மாவு ஆட்டினாள். கிரைண்டர் மேடையில் தடதடவென்று நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். மூன்று காலுக்கு அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் பட்டைத் துண்டுகள், மூலைகள் வழவழவென்று உருட்டப்பட்டு. நாலாவது காலுக்கு இல்லை. அத்தானின் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. நாலாவது எங்கே என்று கேட்டதற்கு, "ஷீட்டு இருக்குன்னார், அப்புறம் தீந்துபோச்சுன்னார். நீ அந்தப் பக்கமா கையை வச்சு அமுக்கிக்க" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை தில்லை நகருக்கு மூவரும் காரில் போனோம். பின் சீட்டில் ஸ்கேனரோடு நான். ஈப்போவில் காலை நேரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டால் ஏதோ விபத்து என்று திரும்பிப் பார்ப்போம். இங்கே அக்கா காவிரிப் பாலத்தில் ஏறியதிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டும்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலத்துக்கு முன்பே, அம்மா மண்டபத்தின் அருகே ஆந்திரத்து யாத்திரிகர் கூட்டம் ஒன்று ஈரத் துணியோடு சாலையைக் கடந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் தெலுங்கில், "ஓட்டுறது பொம்பளை, ஒதுங்கி நில்லுங்க" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள், "அவ பிரேக் போட்டு நின்னுட்டா, நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க" என்றார். கொஞ்சம் தெலுங்கு தெரியும் என்பதால் சிரித்துவிட்டேன்.

கன்வெர்ட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் கோடு ஸ்கேனர் திரையில் மேலும் கீழும் குதிக்கும். பெட்டி நன்றாக இருந்தால் பின் சென்சாரின் கோடு அமைதியாக ஓடும். இங்கே இரண்டும் சேர்ந்து குதித்தன. பட்டறைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது. அக்கா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் ரஃபீக் பாயிடம் போனோம். கவிதாவின் பள்ளித் தோழியின் வீட்டார் சொன்ன இடம். எங்கள் ஊரில் பட்டறையில் எண் எழுதிய அட்டையைக் கொடுத்துக் கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். இங்கே ரஃபீக் பாய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டார். பக்கத்தில் வெல்டிங் கடை. எதுவும் காதில் விழாத சத்தம்.

அவர் ஒரு வெப்பமானித் துப்பாக்கியைக் கொண்டுவந்து பெட்டியின் முன்புறமும் பின்புறமும் குறிவைத்தார். வெளியே வரும் பக்கம் சூடு அதிகமாகக் காட்டியது. உள்ளே ஏதோ எரிகிறது, பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"உங்க மிஷின் செத்துப்போச்சுங்குது சார், என் மிஷின் உயிரோட இருக்குங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றார்.

பின் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். வேறொரு சென்சாரை மாட்டிப் பார்த்தார். கோடுகள் முன்போலவே குதித்தன. தலையைச் சொறிந்துகொண்டார். பெட்டிக்கு முன்னால் எங்காவது காற்று கசிந்தாலும் சென்சார் ஏமாறுமா என்று கேட்டேன். ஏமாறும் என்றார். என்ஜின் சூடாகிவிட்டால் இரும்பு விரிந்து கசிவு சிறுத்துவிடும், கைக்குத் தெரியாது, அதனால் ஆறவிட்டுக் காலையிலிருந்து தொடாமல் வைத்துப் பார்க்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"அக்கா, மேனிஃபோல்டுகிட்ட, அதான் என்ஜின்ல புகைக் குழாய் ஆரம்பிக்கிற இடத்துல, யாராச்சும் கழட்டினாங்களா?"

"யாரும் தொடல. பானட்டைத் திறக்கவே நான் விடறதில்ல."

"முன்னாடி ஏதாச்சும் டிக்டிக்னு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு, காலைல காலைல. பொங்கல் சமயத்துல. அப்புறம் தானாவே நின்னுபோச்சு."

தானாகவே எதுவும் நிற்காது என்று ரஃபீக் பாய் சொல்ல நினைத்திருக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ். சத்திரத்தில் மாறி, ஸ்ரீரங்கம் வண்டியில் நின்றுகொண்டே வந்தோம். நான் நீட்டிய பெரிய நோட்டைப் பார்த்த கண்டக்டர், "பஸ்ஸை வாங்கறீங்களா, டிக்கெட்டா?" என்றார். அக்காதான் சில்லறை கொடுத்தாள். ராஜகோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, ஒரு கடையில் ரவா தோசையும் காபியும் சாப்பிட்டோம். ஈப்போவின் வெள்ளைக் கோப்பியைவிட நல்ல காபி எங்குமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். அன்று இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை கார் இல்லாமல் அவர்கள் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள். நான் பாலக்கரைக்கு. ரஃபீக் பாய்க்குக் கையில் வேறு வேலை. அக்காவின் கார் ஓரமாக ஆறிக் கிடந்தது. மதியம் சந்து முனையில் பிரியாணி சாப்பிட்டேன். சீரகச் சம்பா அரிசி, தயிர் வெங்காயம், கத்தரிக்காய்க் கூட்டு. பரிமாறியவர் சொல்லாமலேயே இன்னொரு கரண்டி வைத்தார். உப்பைப் பற்றி யோசிக்காமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய வசதி என்று இந்த வீட்டில் தங்கிய பிறகுதான் தெரிகிறது.

சாயங்காலம் பானட்டைத் திறந்து வண்டியைக் கிளப்பினார் ரஃபீக் பாய். வெல்டிங் சத்தத்தில் அதன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கையை அங்கங்கே நீட்டிக் காற்று படுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் சாம்பிராணி போடும் பாவா சந்துக்குள் வந்தார். பச்சைத் தலைப்பாகை, ஒரு கையில் தூபக்கால், மறு கையில் மயில் விசிறி. வியாழன்தோறும் கடை கடையாகப் புகை காட்டிக்கொண்டு போவது இந்தப் பக்கத்து வழக்கம். ரஃபீக் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். பாவா கல்லாப் பெட்டிக்கும் கருவிகளுக்கும் புகை காட்டினார். பிறகு திறந்து கிடந்த பானட்டுக்கு முன்னால் வந்து, தூபக்காலைத் தாழ்த்தி விசிறினார். விசிறி நின்ற பிறகும் அவர் நகரவில்லை.

"என்ன பாய், உங்க வண்டி என் புகையைத் துப்புது?"

எட்டிப் பார்த்தேன். புகை எல்லா இடத்திலும் சோம்பேறித்தனமாகச் சுருண்டு மேலே ஏறியது. கீழே குழாய் இணையும் ஒரு இடத்தில் மட்டும் தூங்கும் பூனையின் மூச்சு போல, புஸ் புஸ்ஸென்று விலகி ஓடியது.

"கொஞ்சம் இப்படிக் குடுங்க பாவா" என்று தூபக்காலை வாங்கினார் ரஃபீக் பாய். மண்டியிட்டு, அதை இன்னும் கீழே கொண்டுபோனார். புகை அதே இடத்தில் துடித்தது. எழுந்தவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று பாவாவுக்கு வழக்கமான காணிக்கையோடு டீயும் பன்னும் கிடைத்தன.

இணைப்பைக் கழற்ற அதிக நேரமாகவில்லை. மேலே இரண்டு நட்டு, அடியில் ஒன்று. வண்டிக்கு அடியில் படுத்திருந்த ரஃபீக் பாய், "மேல ரெண்டும் நல்ல டைட்டு சார். கீழ உள்ளது விரலாலயே வருது" என்றார். கசிவை அடைக்க நடுவில் வைத்திருந்த பேக்கிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார். இது கம்பெனிப் பொருளில்லை, யாரோ கையால் வெட்டியிருக்கிறார்கள், பிரமாதமான வெட்டு, ஆனால் ஒரு பக்கம் இறுக்காததால் அந்த ஓரத்தில் கருகியிருக்கிறது என்றார்.

கருஞ்சாம்பல் நிறப் பட்டை. மூலைகள் வழவழவென்று உருட்டப்பட்டிருந்தன.

யார் வெட்டியது தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீடு வந்தபோது அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆட்டோ பாலத்தில் குலுங்கியதில் இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். அவர் முழங்கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டே வந்ததாக அக்கா சொன்னாள். கவிதாவின் போன் வந்தபோது அவள் எடுக்கவில்லை. கசிவு கண்டுபிடித்த செய்தியை மட்டும் சொன்னேன். யார் கழற்றினார்களாம் என்று கேட்டாள். பழைய பேக்கிங் போய்விட்டது என்றேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா காய் வாங்கப் போன நேரத்தில் அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

காலையில் டிக்டிக் சத்தம் வந்ததும் பேக்கிங் என்று தெரிந்துவிட்டதாம். பட்டறைக்குப் போனால் ஒன்றுக்கு நாலு சொல்லி வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம். மேல் நட்டு இரண்டும் வலது கையாலேயே இறுகிவிட்டன. அடியில் உள்ளதற்குச் சாக்கைப் போட்டுப் படுத்தார். அங்கே ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்து, மறு கையால் அழுத்த வேண்டும்.

"இந்தக் கையை வைக்கப் போனேன். வச்சிருந்தா இறுகியிருக்கும்" என்று இடது கையைப் பார்த்தார். "உங்க அக்கா மூஞ்சி வந்துடுச்சு கண்ணு முன்னாடி. விட்டுட்டேன். சத்தம் கொறஞ்சுபோச்சு, போதும்னு இருந்துட்டேன். பொன்மலைல இப்படி ஒரு நட்டை விட்டா வெளியில தலைகாட்ட முடியாது."

அவளிடம் சொல்லாதே என்றார். வண்டிக்காக அல்ல. கையை அந்த இடம்வரை கொண்டுபோனதைக் கேட்டால் அதற்கப்புறம் தூங்கமாட்டாள் என்றார்.

மதியம் ரஃபீக் பாய் புது பேக்கிங் போட்டு, காரின் கம்ப்யூட்டர் நினைவிலிருந்த கோளாறைக் கருவியால் அழித்துக் கொடுத்தார். இரண்டு விஷயம் சொன்னார். விளக்கு இப்போது அணைந்திருப்பதை நம்பக்கூடாது, கம்ப்யூட்டர் மறுபடி தானே சோதித்துப் பார்க்கும், அதற்கு நிதானமாக ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இரண்டு நாள் ஓடிய பிறகு மூன்று நட்டையும் ஒரு தடவை இறுக்க வேண்டும், கொண்டுவாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே கல்லணைக்குப் போனோம். அத்தான் முன் சீட்டில், நான் ஸ்கேனரோடு பின்னால். அக்கா முதல்முறையாக ஹார்னை மறந்து ஓட்டினாள். கரையோரச் சாலையில் வாழைத்தோட்டங்கள் ஓடின. எல்லோருடைய கண்ணும் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், அந்த விளக்கு எரிந்த இடத்தில். திரையில் முன் கோடு குதித்தது. பின் கோடு மெல்ல மெல்ல அடங்கி, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடத் தொடங்கியது. சோதனை முடிந்தது, கோளாறு இல்லை என்று எழுத்து வந்ததும் உரக்கப் படித்தேன். அக்கா வண்டியை ஓரங்கட்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அணைக்கருகே மீன் வறுத்து விற்கிறார்கள். மிளகாய் வாசனை சாலைவரை வந்தது. அத்தான் ஒரு துண்டின் நடுச்சதையை மட்டும், மசாலாவை வழித்துவிட்டுச் சாப்பிட்டார். அக்கா தடுக்கவில்லை. அங்கிருந்தே கவிதாவுக்குப் போன் போட்டு, விளக்கு அணைந்துவிட்டது, பதிவைப் புதுப்பிக்கப் போகிறோம், நீ லீவு போட்டுவிட்டு இங்கே வா என்றாள்.

சனிக்கிழமை காரிலேயே டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். அத்தான் சாய்த்த சீட்டில் பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டார். வீட்டில் என் அழுக்குச் சட்டைகளை எல்லாம் அக்கா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காகிதப் பொட்டலம் அதில் ஒன்றின் பையில் இருந்தது ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் போய் அமுக்கினேன். அமுக்க வேண்டியிருக்கவில்லை. நாலாவது காலுக்கு அடியில் கருஞ்சாம்பல் நிறப் பட்டை ஒன்று. ஒரு ஓரம் கருகியிருந்தது. அக்கா மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, குளித்துவிட்டு வா, நட்டு இறுக்க வேண்டும் என்றாள்.

ரஃபீக் பாயிடம் போகலாமே என்றேன். இல்லையென்றால் நானே இறுக்குகிறேன் என்றேன்.

"நீ நாளைக்குப் போயிடுவ. இங்க இருக்கப்போறது நான்தானே" என்றாள்.

வாசலில் பழைய பாயை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். மேல் இரண்டையும் அதற்கு முன்பே முடித்துவிட்டாள். அத்தான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வேலை டார்ச் பிடிப்பது.

"ஸ்பேனரை முழுசா உள்ள தள்ளு. ஒரு கையால புடி, இன்னொரு கையால அமுக்கு" என்றார் அத்தான். "ம். இன்னும் கொஞ்சம். வேகமா வேண்டாம்."

"போதுமாங்க?"

"கால் சுத்து. ம். நிறுத்து."

ஸ்பேனர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் உடனே வெளியே வரவில்லை. அடியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு கையாலயே எனக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கே. இதை ஒத்தக் கையால எப்படிங்க போட்டீங்க?"

நான் டார்ச்சை அணைத்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அவர் தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எங்க போட்டேன்? போட்டிருந்தா லைட் ஏன் எரியப்போகுது" என்றார்.